கருவளையத்துக்கு நாகர்கோவில் கடைகளில் விற்பவை: எது உதவும், எது கண்ணைக் கெடுக்கும்

வடசேரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மருந்துக்கடையிலோ மார்த்தாண்டம் சந்தைப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரிலோ போய் "கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கு, என்ன இருக்கு?" என்று கேட்டால் மேசைமேல் வந்து விழுவது ஏறக்குறைய ஒரே வரிசைதான். காபீன் சீரம், உலோக உருண்டை வைத்த ரோல்-ஆன், வைட்டமின் சி கிரீம், ரெட்டினால் கிரீம், குங்குமாதி தைலம். இதெல்லாம் போதாது என்றால் உள்ளேயிருந்து ஒரு சின்ன டியூப். வந்தவரின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொடுப்பவர் அரிது. அக்காவுக்கு நன்றாகப் பலித்த கிரீம் தங்கைக்குப் பலிக்காமல் போவது இதனால்தான். இந்த மதிப்பீட்டில் கம்பெனிப் பெயர்களை விட்டுவிட்டு மூலப்பொருளை வைத்துப் பேசுகிறோம். ஒரே சரக்கு பத்துப் பெயரில் விற்கிறது. பெட்டி மாறினாலும் உள்ளே செய்கிற வேலை ஒன்றுதான்.

காசை எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

கண்ணுக்குக் கீழுள்ள தோல் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அங்கே கறுப்புத் தெரிவதற்கு மூன்று வழி உண்டு. தோலிலேயே மெலனின் என்ற நிறமி கூடியிருக்கலாம். தோல் மெலிந்து அடியிலுள்ள ரத்தக்குழாயும் தசையும் தெரியலாம். இமையும் கன்னமும் சேரும் இடத்தில் பள்ளம் விழுந்து அதன் நிழல் கறுப்பாகத் தெரியலாம். நம் தோலில் பெரும்பாலும் இவற்றில் இரண்டு கலந்தே இருக்கும். எது மேலோங்கி நிற்கிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

பகல் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் கைக்கண்ணாடியுடன் நில்லுங்கள். கீழிமைத் தோலைச் சுட்டுவிரலால் காதுப்பக்கமாக மெல்ல இழுங்கள். பழுப்பு நிறம் தோலோடு சேர்ந்து நகர்ந்து, நிறம் மங்காமல் அப்படியே இருந்தால் அது நிறமி. இழுக்கும்போது நீலமோ ஊதாவோ கூடுதலாகத் தெரிந்தால் ரத்தக்குழாய். அடுத்து, கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக்கொண்டு, வேறொருவரை மொபைல் டார்ச்சை நேர் எதிரே பிடித்துப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் போட்டோவில் கறுப்பு ஏறக்குறைய மறைந்திருந்தால் நீங்கள் பார்த்துக் கவலைப்பட்டது நிழலை.

நிழல் வகைக்கு இந்த வரிசையில் ஒரு பொருளும் உதவாது. பள்ளத்தைக் கிரீம் நிரப்பாது. இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள் என்பதால் இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

காபீன் சீரமும் ரோல்-ஆனும்

பெரும்பாலான காபீன் சீரங்கள் 3 முதல் 5 சதவீத அளவில் வருகின்றன. காபீன் ரத்தக்குழாயைச் சற்றுச் சுருக்கும். தோலடியில் தேங்கிய நீரும் கொஞ்சம் வடியும். ஆகவே நீல-ஊதா வகைக்கும் காலை வீக்கத்துக்கும் இது பொருந்தும். பலன் சில மணி நேரம்தான் நிற்கும். காலையில் போட்டால் மாலைக்குள் பழைய நிலை திரும்பும். நிறமி வகைக்காரர் இதை வாங்கி மூன்று மாதம் போட்டாலும் கண்ணாடியில் வித்தியாசம் தெரியாது. பொருள் மோசமில்லை, ஆள் மாறிப்போயிற்று.

உலோக உருண்டை வைத்த ரோல்-ஆனில் கிடைக்கும் நிம்மதியில் பெரும்பகுதி குளிர்ச்சியின் வேலை. அதே குளிர்ச்சியை ஒரு சில்வர் ஸ்பூனைப் பிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்தும் பெறலாம். ரோல்-ஆனில் இரண்டு குறை உண்டு. உருண்டை ஒவ்வொரு முறையும் தோலைத் தொட்டுவிட்டுப் புட்டிக்குள் திரும்புகிறது. வீட்டில் நாலுபேர் பகிர்ந்தால் ஒருவரின் கண் கிருமி அடுத்தவருக்குத் தொற்றலாம். அழுத்தி உருட்டினால் உராய்வே கறுப்பைக் கூட்டும். சொட்டுக்குழாய் வைத்த புட்டியே எங்கள் தேர்வு.

அளவு பற்றி ஒரு கணக்கு. சொட்டுக்குழாயின் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு, இரண்டு கண்ணுக்கு 0.1 மி.லி., காலையும் இரவும் போட்டால் நாளுக்கு 0.2 மி.லி. அப்படியானால் 15 மி.லி. புட்டி 75 நாள் வரவேண்டும். இருபது நாளில் தீர்ந்துபோனால் நீங்கள் மூன்று மடங்குக்கு மேல் பூசுகிறீர்கள். மிச்சம் கண்ணுக்குள் இறங்கி எரிச்சலைத்தான் தரும். கிரீமானால் ஒரு கண்ணுக்கு ஓர் அரிசிமணி. இமையோரத்தில் பூசாமல், விரலால் தடவினால் தட்டுப்படும் கண்குழி எலும்பின் மேல் மோதிர விரலால் ஒற்றுங்கள். உடல் சூட்டில் மருந்து தானாக மேலே பரவும்.

நிறமிக்கு: வைட்டமின் சி, நியாசினமைடு, கோஜிக்

பழுப்பு நிறக் கருவளையத்துக்குக் கடையில் இருப்பவற்றில் உருப்படியானது இந்த வகை. வைட்டமின் சி மெலனின் உற்பத்தியைக் குறைக்கிறது. நியாசினமைடு உற்பத்தியான மெலனின் மேல்தோல் செல்களுக்குப் போய்ச்சேர்வதைக் குறைக்கிறது. முகத்துக்கு விற்கும் 15, 20 சதவீத அஸ்கார்பிக் அமில (வைட்டமின் சி-யின் நேரடி வடிவம்) சீரத்தைக் கண்ணுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். அமிலத்தன்மை மிகுந்தது, எரியும், எரிந்த இடம் பிறகு இன்னும் கறுக்கும். கண்ணுக்கென்று தயாரித்த, மென்மையான வைட்டமின் சி வழிப்பொருள் சேர்ந்த கிரீமோ, 2 முதல் 5 சதவீத நியாசினமைடோ போதும். கோஜிக் அமிலம் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பலருக்கு அரிப்பைக் கிளப்பும்.

நம் குமரி மாவட்டத்தின் வெக்கையும் ஈரக்காற்றும் வைட்டமின் சி-க்கு எதிரி. கடையின் கண்ணாடி அலமாரியில் மதிய வெயில் விழும் இடத்தில் அடுக்கியிருந்த புட்டியை வாங்காதீர்கள். தெளிவாக இருக்க வேண்டிய சீரம் தேன் நிறத்தைத் தாண்டித் தேயிலைச்சாயமாக மாறியிருந்தால் அது கெட்டுப்போனது. வீட்டில் பிரிட்ஜ் கதவில் வையுங்கள். குளியலறை மாடம் வேண்டாம். வாய் அகன்ற டப்பாவைவிட டியூபும் பம்பும் நல்லது.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஏழு நாள் பூசிப் பாருங்கள். ஒரே ஒரு நாள் சோதனை போதாது. சில ஒவ்வாமை மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் எழும்.

ரெட்டினால்: நல்ல சரக்கு, அவசரக்காரருக்கு ஆகாது

தோல் மெலிந்ததால் தெரியும் கறுப்புக்கும் கோடுகளுக்கும் ரெட்டினால் பயன்படும். கொலாஜனைக் கூட்டித் தோலைச் சற்றுத் தடிமனாக்கும். கண் பகுதிக்கு 0.1 சதவீதத்தில் தொடங்குவது நல்லது. முதல் இரண்டு வாரம் வாரத்தில் இரண்டு இரவு, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் சாதாரண மாய்ஸ்சரைசர், அது உலர்ந்ததும் அதன்மேல் ரெட்டினால். தினமும் பூசினால் சீக்கிரம் பலிக்கும் என்று நினைத்துப் பூசுபவர்களுக்குத் தோல் உரிந்து, சிவந்து, உரிந்த இடம் பழையதைவிடக் கறுக்கிறது. எங்களிடம் கேட்கப்படும் புகார்களில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில் பிறந்தவை. கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது.

குங்குமாதி தைலம்

கோட்டாறு முதல் குழித்துறை வரை வைத்தியசாலைகளிலும் நாட்டுமருந்துக் கடைகளிலும் அதிகம் கேட்கப்படும் பொருள் இது. நல்லெண்ணெயை அடியாகக் கொண்டு, ஆட்டுப்பால் சேர்த்து, குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி, அரக்கு, அதிமதுரம் முதலியவற்றைக் காய்ச்சி எடுப்பது மரபு. தைலத்தின் சிவப்பைப் பார்த்துக் குங்குமப்பூ நிறைய இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். மஞ்சிட்டியும் அரக்கும் சிவப்புத்தான் தரும். குங்குமப்பூ விற்கிற விலைக்கு, பெரிய புட்டி அடிமாட்டு விலையில் கிடைக்கிறதென்றால் உள்ளே என்ன இருக்குமென்று யோசியுங்கள். மூடியைத் திறந்ததும் சென்ட் வாடை குப்பென்று அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். கண்ணருகே ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியக் காரணிகளில் வாசனைத்திரவியமும் ஒன்று.

உலர்ந்த தோலுக்கு இது நன்றாகப் பதமளிக்கும். வறட்சியால் மங்கித் தெரியும் கறுப்புச் சற்று வெளுக்கும். இரவில் இரண்டு சொட்டு, அரைமணி நேரம் கழித்து ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். விடிய விடிய ஊறவைத்தால் எண்ணெய்ப்பசைத் தோலில் கண்ணைச் சுற்றிக் கடுகு அளவு வெள்ளைப் பருக்கள் எழும். அவற்றைக் கிள்ளினால் வடு. நல்ல தைலம் வேண்டுமானால் உரிமம் எண்ணும் தொகுதி எண்ணும் தேதியும் அச்சிட்ட புட்டியை வாங்குங்கள். உடல்வாகு பார்த்துத் தரவேண்டும் என்று நினைப்பவர்கள் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிக் கேட்கலாம்.

தேங்காய்ப்பால் காய்ச்சி எடுக்கும் உருக்கெண்ணெயும் இதே கணக்குத்தான். பதம் தரும், நிறமியைக் கரைக்காது. பச்சைக் குழந்தைக்கே பூசுகிறோம் என்பது அது தோலுக்கு இதமானது என்பதற்குச் சான்று. கருவளையத்துக்கு மருந்து என்பதற்குச் சான்றாகாது.

அந்தச் சின்ன டியூப்

இதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வரிசையில் உண்மையான கேடு செய்வது இது ஒன்றுதான். பத்து நாளில் வெளுக்கும் என்று கைமாறும் பல டியூப்களில் ஹைட்ரோகுயினோன் என்ற வெளுப்பு மருந்து, ரெட்டினாலைவிட வீரியமான ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்திருக்கும். டியூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியிருந்தும் சீட்டுக் கேட்காமல் எடுத்துக்கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

முதல் வாரம் பளிச்சென்று தெரியும். அதுதான் பொறி. தொடர்ந்து பூசினால் ஏற்கெனவே காகிதம்போல் இருக்கும் தோல் இன்னும் மெலியும், சிவப்பு நரம்புகள் கோடுகோடாகத் தெரியும், நிறுத்தியதும் எரிச்சலோடு முன்னைவிடக் கறுக்கும். கண்ணைச் சுற்றிப் பல மாதம் ஸ்டீராய்டு பூசினால் கண்ணழுத்தம் ஏறலாம், புரை விழலாம். கண்ணழுத்தம் வலிக்காமலே பார்வையைத் தின்னும். ஏற்கெனவே மாதக்கணக்காகப் பூசிக்கொண்டிருப்பவர்கள் தானாக ஒரேயடியாய் நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் டியூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள். படிப்படியாகக் குறைத்துத் தருவார். கண்ணழுத்தத்தையும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் வெளுப்புக் கிரீம்களும் நம் மாவட்டத்தில் நிறையப் புழங்குகின்றன. அன்போடு கொண்டுவருவதுதான், ஆனால் மூலப்பொருள் பட்டியலோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லாதவற்றில் பாதரசம் கலந்திருக்க வாய்ப்புண்டு. பட்டியலில் கலோமெல், மெர்க்குரி, மெர்க்குரஸ் குளோரைடு என்ற சொல் இருந்தாலோ, நகையிலும் வெள்ளியிலும் படாமல் பூசவும் என்று எச்சரித்திருந்தாலோ பாதரசம் என்று எண்ணிக்கொள்ளலாம். பாதரசம் தோல்வழி ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம்களோடு தொடர்புடைய சிறுநீரக நோய் வெளிவந்தது. அங்கே மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளில் சோதனை நடத்தியது. கிரீம் பூசுபவருக்குக் காலையில் முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெயிலுக்கு எதிராக வாங்குவது

நாம் இருப்பது ஏறக்குறைய 8 டிகிரி வடக்கு அட்சத்தில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். கடலோரத்தில் மணலும் தண்ணீரும் வெளிச்சத்தைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கின்றன. தொப்பி மட்டும் போட்டால் கண்ணுக்குக் கீழே காப்பு இல்லை. இந்த ஊரில் நிறமி வகைக் கருவளையத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் சன்ஸ்கிரீனை வாங்குங்கள். மற்ற கிரீம்கள் ஓரளவு குறைப்பதை வெயில் சீக்கிரமே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

பெட்டியில் வெயில் காப்பைக் குறிக்கும் எஸ்பிஎஃப் எண் 30-க்குக் குறையாமல், பிஏ என்ற குறியீட்டுக்குப் பக்கத்தில் மூன்று பிளஸ் (PA+++) உள்ளதைப் பாருங்கள். கண்ணருகே ஜிங்க் ஆக்சைடு வகை பொதுவாக எரியாது. லேசாகத் தோல் நிறம் சேர்ந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். வியர்த்துத் துடைத்தால் போனது போனதுதான், திரும்பப் போட வேண்டும். பைக்கில் போகிறவர்கள் யுவி 400 என்று குறித்த கண்ணாடி போடுங்கள். திருவிழாக் கடைக் கறுப்புக் கண்ணாடியில் அது இருக்குமென்று சொல்ல முடியாது.

பார்லரும் கிளினிக்கும்

பார்லர்களில் அண்டர்-ஐ என்று தனியாகக் காசு வாங்கிச் செய்வது பெரும்பாலும் குளிர்ந்த ஜெல், மெல்லப் பிடித்துவிடுதல், ஒரு ஷீட் மாஸ்க். அன்றைய கல்யாணத்துக்கு முகம் தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அமோனியா கலந்த பிளீச்சைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தால் தடுத்துவிடுங்கள். கிரீம் தடவிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கும் மசாஜும் வேண்டாம். அதைவிட மேக்கப்பில் ஆரஞ்சு நிறக் கரெக்டரை மெல்லிசாக ஒற்றி அதன்மேல் தோல் நிறக் கன்சீலர் போடுவது நேர்மையான வழி. இரவில் தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சைப் பத்து வினாடி வைத்து, தேய்க்காமல் எடுங்கள்.

தோல் மருத்துவரிடம் பீல் (அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது), லேசர், பள்ளத்துக்கு ஃபில்லர் (ஊசியால் நிரப்புவது) என்று உண்டு. லாக்டிக், கிளைகாலிக் பீல் பல அமர்வு தேவைப்படும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அமிலத்தின் செறிவு கூடினால் புதுக் கறுப்பு விழலாம். ஃபில்லர் நிழல் வகைக்கு உண்மையாகவே உதவும். ஆனால் ஊசி ரத்தக்குழாயில் இறங்கினால் பார்வையே போகக்கூடிய இடம் அது. செய்பவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, ஃபில்லரைக் கரைக்கும் ஹைலுரோனிடேஸ் மருந்து அறையில் தயாராக இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வெளுப்புக்கு குளுட்டாதியோன் ஊசி போடலாம் என்று யோசனை சொன்னாலும் அப்படியே.

கிரீமுக்கு எட்டாத காரணங்கள்

ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியலுக்கு வெகுமுன் எழுகிறார்கள். தோவாளையில் பூ வியாபாரம் விடிவதற்குள் சூடுபிடிக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இரவு உறக்கமே இல்லை. இவர்களிடம் எட்டு மணி நேரம் இரவில் தூங்குங்கள் என்பது வெறும் பேச்சு. பகலில் தூங்கும் நேரத்தைத் தினமும் ஒரே நேரமாக வைத்து, அறையை இருட்டாக்கி, ஒன்றரை மணி நேரத் துண்டாகவாவது கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். ரப்பர் ஷீட் புகை போடும் கூட்டிலும் அண்டியாபீஸிலும் (முந்திரி ஆலை) வேலை செய்பவர்களுக்குக் காரணம் வேறு. அண்டித்தோட்டின் எண்ணெய் பட்ட கையால் கண்ணைத் தொட்டால் தோல் வெந்து, ஆறியபின் கறுப்பாக நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது.

மூக்கடைப்பு, தும்மல், கண் அரிப்பு உள்ளவர்கள் கண்ணைக் கசக்கியே கறுப்பாக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வாமை மருந்து செய்கிற வேலையில் கால்வாசியைக்கூட எந்த சீரமும் செய்யாது. தலைச்சாயம், கண்மை, புருவத்துக்குப் போடும் மை மூன்றையும் ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்பதும் செலவில்லாத சோதனை. கண்ணழுத்தத்துக்கு லடானோப்ராஸ்ட், பைமட்டோப்ராஸ்ட் சொட்டு விடுபவர்களுக்கு அந்த மருந்தே இமையைக் கறுப்பாக்கும். சொட்டை நிறுத்தாதீர்கள், விட்டதும் வழிந்ததைத் துடைத்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெண்களில் பலருக்கு அடியில் இருப்பது ரத்தசோகை. முகம் வெளிறும்போது கண்ணடியின் கறுப்பு எடுப்பாகத் தெரிகிறது. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராம், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். இரும்பு மாத்திரையைச் சாயாவோடு விழுங்கினால் பாதி வீண். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா வேண்டாம், ஒரு நெல்லிக்காய் கூட இருந்தால் நல்லது. இரவில் கருவாட்டுக் குழம்பு என்றால் காலையில் இமை வீங்கியிருப்பதும் உப்பின் கணக்குத்தான். மதியத்துக்குள் வடிந்துவிடும் வீக்கத்துக்குக் கிரீம் தேட வேண்டாம், இன்னொரு தலையணை வைத்துப் படுங்கள்.

எலுமிச்சைச் சாற்றைப் பூசவே பூசாதீர்கள். அதோடு வெயில் பட்டால் கொப்புளமும் கரும்புள்ளியும் வரும். வெள்ளரி, உருளைக்கிழங்கு, நம்மூர் நுங்கு எல்லாம் குளிர்ச்சிக்குச் சரி; சுத்தமான துணியில் சுற்றி மூடிய கண்மேல் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை.

வாங்கியது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. பூசத் தொடங்கும் அன்று காலை, ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஃபிளாஷ் இல்லாமல், பியூட்டி ஃபில்டர் அணைத்து ஒரு போட்டோ. பன்னிரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. இடையில் தினமும் கண்ணாடி பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசம் இல்லையென்றால் இரண்டாவது புட்டி வாங்காமல், பழைய புட்டியையும் இரண்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்கு ஓ.பி. சீட்டுப் போடுங்கள். ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று கறுப்போ வீக்கமோ வந்தால் பன்னிரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். தலையில் அடிபட்ட பிறகு இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.